முற்றுப்புள்ளிக்குப் பிறகு

சவரிராஜன் சொல்லி முடித்துவிட்டான். பேனா நிற்கவில்லை. "இவையே வேலூர்ப் புரட்சி தோற்றதற்கான காரணங்களாகும், முற்றுப்புள்ளி" என்று கடைசிச் சொல்லையும் விடாமல் சொல்லியாயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அந்தப் புள்ளியை வைத்த சத்தமும் கேட்டது. மேசைமேல் ஒரு கடுகு விழுந்த மாதிரி. அதோடு பேனா ஓய்ந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கிளம்பியது. எழுதுகிற சத்தமாக இருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பான். எழுதுகிற சத்தம் அவனுக்குத் தெரியும். ஒன்பது வயதில் காய்ச்சலோடு கண்ணும் போன நாளிலிருந்து, மற்றவர்கள் தனக்காக எழுதுவதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். எழுதும்போது பேனா வளையும், சுழிக்கும், கொம்பு போடுகிற இடத்தில் ஒரு சின்னக் குதி குதிக்கும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சு விடும். இது வளையவில்லை. நேராகப் போனது, நேராகவே திரும்பி வந்தது, மறுபடி போனது. அரத்தால் ராவுவதுபோல ஒரே தடத்தில், அழுத்தி. மேசையில் ஊன்றியிருந்த அவன் முழங்கைவரை அந்த அழுத்தம் வந்து சேர்ந்தது. எழுதியதை அடிக்கிற சத்தம் அல்லவா இது? வேறு எதற்காகப் பேனா இப்படிப் போய்ப் போய் வரும்?

"என்னம்மா, எதையாவது அடிக்கியா?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க அடுத்தது சொல்லுங்க."

"ஏய், அங்க என்ன பேச்சு?" என்றது அறையின் மூலையிலிருந்து, பரீட்சைக் காவலுக்கு வந்திருந்த ஆவுடையப்பன் சாரின் குரல். "கேள்வியை வாசிக்கணும், விடையை எழுதணும். அதைத் தவிர ஒரு சொல்லு வரக் கூடாதுன்னு முதல்லயே சொன்னேன்லா? பெறகு ரெண்டு பேரையும் சேத்து எழுதி மேல அனுப்பிருவேன். நான் பாக்கத்தான் சாது." சொல்லிவிட்டு அவர் ஒரு வேர்க்கடலையை உடைத்தார்.

ஒண்ணுமில்ல. மனுஷர் எப்போது ஒண்ணுமில்ல என்று சொல்வார்கள்? ஒன்றும் இல்லாதபோது யாரும் அப்படிச் சொல்வதில்லை. சும்மா இருக்கிறவனிடம் என்னடா செய்கிறாய் என்று கேட்டால் சும்மா இருக்கிறேன் என்பான். கையில் எதையோ வைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் மறைக்கிறவன்தான் ஒண்ணுமில்ல என்பான். அந்தக் காய்ச்சலின்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்படித்தான் சொன்னார். தாடையைப் பிடித்து நிமிர்த்தி, விளக்கை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு மாற்றி, ஒண்ணுமில்ல தம்பி, ரெண்டு நாள்ல சரியாயிரும் என்றார். அந்த விளக்கின் மஞ்சள் வட்டம்தான் அவன் கடைசியாகப் பார்த்தது. அதன் விளிம்பில் இருந்த நீல நிறம்கூட இன்னும் மனசில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யார் சொன்னாலும் சவரிராஜன் நம்புவதில்லை. இந்தப் பெண் அதைச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம். காலையிலிருந்தே தைல வாசனை அடிக்கிறது. ஜலதோஷம்தானா, அழுகிறாளா? எதற்கு அழப்போகிறாள்? அடுத்த கேள்வியை வாசித்தாள். துணைப்படைத் திட்டம். நல்ல கேள்வி, இரவெல்லாம் அறைத்தோழன் கொம்பையா வாசிக்க வாசிக்க மனப்பாடம் செய்தது. அவன் சொல்லத் தொடங்கினான். வாய் தன்பாட்டுக்கு வெல்லெஸ்லி பிரபுவின் பின்னால் நடந்தது. மனசு மேசைக்கு அந்தப் பக்கம் போய்ப் பேனாவின் அருகில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது.

மேசை இவ்வளவு அகலமாக இல்லாவிட்டால் கையை நீட்டித் தாளைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். இது பழைய விலங்கியல் ஆய்வுக்கூடம். எல்லாரும் எழுதுகிற பெரிய கூடத்தில் இவன் சத்தமாகப் பேசினால் மற்றவர்கள் காப்பியடிப்பார்கள் என்று இவனையும் இந்தப் பெண்ணையும் இங்கே தனியாக விட்டிருக்கிறார்கள், காவலுக்கு ஒரு சாரோடு. நுழையும்போதே ஆவுடையப்பன் சார், "பக்கத்துல பக்கத்துல உக்காந்து குசுகுசுக்கிற வேலை எல்லாம் வேண்டாம். நீ இந்தப் பக்கம், பிள்ள அந்தப் பக்கம்" என்று பிரித்து வைத்தார். நடுவே தவளையை அறுக்கிற மேசை. எத்தனையோ தவளைகளை இதில் மல்லாக்கப் போட்டு ஊசி குத்தியிருப்பார்கள். மருந்து வாசனை மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. அந்த வாசனையும் தைல வாசனையும் வேர்க்கடலை வாசனையும் சேர்ந்து ஒரு சுவர்போல நின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் பேனா. துணைப்படையின் செலவை அந்தந்த அரசரே ஏற்க வேண்டும் என்றான். பேனா ஓடியது. எழுதட்டும். எழுதுகிறாளா?

போன தடவையும் ஓடத்தான் செய்தது. அப்போது எழுத வந்தவன் நிவின் என்று ஒரு பையன். இந்தப் பெண்ணை மாதிரியே பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு. நல்ல சுறுசுறுப்பு. சொல்லிக்கொண்டே போங்க ப்ரோ, சொல்லிக்கொண்டே போங்க என்றான். இவனும் மடை திறந்தாற்போலச் சொன்னான். ஒரு கட்டுரைக்கு மூச்சு முட்ட முட்டப் பேசினான். வெளியே வந்தபோது நாக்கு வறண்டிருந்தது, ஆனால் ஒரு நிறைவு. முடிவு வந்தது. தோல்வி. நம்பவில்லை. விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கி, விடுதி அறையில் கொம்பையாவை வாசிக்கச் சொன்னான். கொம்பையா ஒரு பக்கம் வாசித்தான், அதோடு நிறுத்திவிட்டான். "வாசில" என்றான் இவன். "வாசிச்சாச்சுல" என்றான் கொம்பையா. "இம்புட்டுத்தான் இருக்கு." இவன் பேசியதை எல்லாம் அந்தப் பையன் கேட்டிருக்கிறான். கேட்டு, அதில் சாரம் என்று அவனுக்குப் பட்டதை மட்டும் எழுதியிருக்கிறான். பத்து வாக்கியம் சொன்னால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் சுருக்கி எழுதுக என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல. கெட்டவன் இல்லை. மாலையில் டென்னிஸ் ஆட்டம் இருந்ததாம், அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். மிச்ச நேரமெல்லாம் பேனாவைச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தான் என்று நினைத்தால்தான் சவரிராஜனுக்கு உடம்பு கூசும். காகிதத்தின் ஓரத்தில் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்திருக்கிறான். நகலில் அதுவும் இருந்தது. ஒரு மட்டை, ஒரு பந்து. கொம்பையா அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இப்போது இந்த ஒரு தாள்தான் பாக்கி. மற்றதெல்லாம் தேறியாயிற்று. பி.எட். சேர இடம் போட்டு வைத்திருக்கிறார்கள், பார்வையற்றோர் பள்ளியில் தற்காலிக வாத்தியார் வேலைக்கும் தலைமையாசிரியர் வாய்விட்டே சொல்லிவிட்டார், பட்டம் கைக்கு வந்ததும் வாடா என்று. இதுவும் போனால் இன்னொரு ஆறு மாதம், இன்னொரு பிள்ளை, இன்னொரு பேனா. விடுதியிலும் இனிமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் அம்மா அவன் தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு இருப்பாள், இருபத்து மூன்று வயது ஆளுக்கு. துணைப்படைத் திட்டத்தால் இந்திய அரசர்கள் தங்கள் சுதந்திரத்தை இழந்தனர், முற்றுப்புள்ளி. அவன் நிறுத்தினான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். கடுகு விழுந்தது. பிறகு, அதோ, மறுபடி. போனது, வந்தது, போனது, வந்தது. முன்னைவிட அழுத்தமாக. எந்த வரியை? சுதந்திரத்தை இழந்தனர் என்பதையா? அது சரியான விடைதானே! சரியில்லை என்று அவளுக்குப் படுகிறதா? இவள் யார் சரி பார்க்க?

இவள் பெயர் நிலோஃபர். மேலப்பாளையம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் கம்ப்யூட்டரும் படிக்கிறவள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேவைத் திட்டம் என்று ஒன்று செய்தாக வேண்டும். சிலர் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வருவார்கள், சிலர் குளத்தங்கரையில் மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், சிலர் பார்வையற்றவர்களுக்கான துணைக்கரம் வாசிப்பு மையத்துக்கு வருவார்கள். சைக்கிள் கடைக்கு மாடியில் இரண்டு அறை, அதுதான் மையம். கல்லூரிப் பரீட்சை எழுதுகிறவனுக்கு எழுத வரும் ஆள் அவனைவிடக் குறைந்த படிப்புப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்துவார்கள். மையத்தை நடத்துகிற செல்லத்தாய் அக்கா, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாளே ஒரு பாடம் நடத்துவாள். "இங்க பாருங்கட்டீ. உங்க கையி மட்டுந்தான் இவங்களுக்கு. மண்டையைக் கொண்டுபோயி வீட்டுல வச்சிட்டு வாங்க. அவுக தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும்." அப்போது இந்தப் பெண்தான் கேட்டாள், "தப்புன்னு நமக்குத் தெரிஞ்சாலுமாக்கா?" "தெரிஞ்சாலுந்தான்." "அது பாவம்லாக்கா?" "திருத்துனாத்தான் பாவம். அவுக பரீட்சை, அவுக தப்பு." பிள்ளைகள் சிரித்தார்கள். இவள் சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரிப்புக்குள் அவள் சிரிப்பைத் தேடிப் பார்த்தான், அகப்படவில்லை.

தப்புன்னு நமக்குத் தெரிஞ்சாலுமா. எப்பேர்ப்பட்ட கேள்வி! அப்போது அது நல்ல பிள்ளையின் கேள்வியாகத்தான் பட்டது. இப்போது வேறு மாதிரி ஒலிக்கிறது. திருத்தத் துடிக்கிற கை. இன்னொன்றும் உண்டு. போன சனிக்கிழமை மாடிப்படியில் இவன் இறங்கிக்கொண்டிருந்தபோது கீழே அவளும் அவள் தோழியும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். "இது ஒண்ணு முடிஞ்சிட்டாப் போதும்டி" என்றாள் இவள். "சர்டிஃபிகேட் கைக்கு வந்துரும்லா" என்றாள் தோழி. "ஆமா, விட்டது சனி." தோழி சிரித்தாள். சனி. சனிக்கிழமையைச் சொன்னாளா? எல்லாச் சனிக்கிழமையும் வருவதால் சொன்னாளா? அவன் படியிலேயே நின்றுவிட்டான், அவர்கள் தெருவுக்குப் போகும்வரை. ஆனால் அப்படிப்பட்டவள் ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் ஆளாக வந்தாள்? வந்தால்தானே கையெழுத்து. கேள்வி வரும், உடனே பதிலும் வரும். இரண்டையும் அவனே சொல்லிக்கொண்டான், யாரும் எழுதவில்லை.

இன்னொன்று. அவள் அழுத்தி எழுதுகிறவளே இல்லை. பயிற்சியின்போது எழுதிய தாளை வாங்கி அவன் பின்பக்கம் தடவிப் பார்த்திருக்கிறான். நிவினுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. பால்பாயின்ட் பேனா தாளின் பின்பக்கத்தில் புடைப்பு விடும். எழுத்தைப் படிக்க முடியாது, அது கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி இருக்கும். ஆனால் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். இவள் எழுதியதில் விரல் வழுக்கியது. எறும்பு நடந்த மாதிரி. "எங்க முடியுது, எங்க தொடங்குதுன்னே பிடிபட மாட்டேங்குதே" என்று முணுமுணுத்தான். "என்னண்ணே தடவுதிய?" என்றாள். "சும்மாதான். பேப்பர் வழவழன்னு இருக்கு." உன்னை நம்பவில்லை அம்மா என்று எப்படிச் சொல்வது? தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அப்படி மெல்ல எழுதுகிறவள் இன்றைக்கு மேசை அதிர அழுத்துகிறாள். ஏன்? அடிப்பதற்குத்தான் அழுத்தம் வேண்டும். ஆத்திரம் இருந்தால்தான் அழுத்தம் வரும். எவனுக்கோ உட்கார்ந்து எழுதுகிற ஆத்திரம்.

மூன்றாவது கேள்வி நிலையான நிலவரித் திட்டம். அவள் வாசித்து முடிப்பதற்குள்ளேயே அவனுக்கு அந்த யோசனை வந்துவிட்டது. வந்தபோது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த தப்பு. அவள் கை திருத்துகிற கை என்றால் அங்கே தடுமாறும். பிறகு வாசித்துக் காட்டச் சொன்னால் தெரிந்துபோகும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர்," கொஞ்சம் நிறுத்தினான், "டல்ஹௌசி பிரபு ஆவார். முற்றுப்புள்ளி."

பேனா ஓடி வந்து நின்றது. எங்கே நின்றது என்று அவனுக்குத் தெரியும், பெயருக்கு முன்னால். மூலையில் வேர்க்கடலை உடைபடுவதும் நின்றது. வெளியே சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையில் டொக் என்று ஒரு துளி விழுந்தது, பிறகு இன்னொன்று. கார்த்திகை மாசத்து மழை, காலையிலிருந்து மிரட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, அந்தப் பேரை இன்னொருக்கச் சொல்லுங்க."

"டல்ஹௌசி பிரபு."

மூக்கை உறிஞ்சினாள். பேனா ஊர்ந்தது. கடைசி எழுத்துவரை கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தப் பெயர் எத்தனை எழுத்து, இந்தப் பெயர் எத்தனை எழுத்து, பேனா எத்தனை தடவை குதித்தது? பிடிபடவில்லை. "வாசிச்சுக் காட்டும்மா" என்றான். வாசித்தாள். வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர் டல்ஹௌசி பிரபு ஆவார். ஒரு சொல் மாறவில்லை. அப்பாடா என்று ஒரு காற்று நெஞ்சுக்குள் போனது. போன காற்று வெளியே வருவதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. வாசித்தது யார்? அவள்தானே. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்கிறாள், காகிதம் சொல்லவில்லை. கார்ன்வாலிஸ் என்று எழுதிவிட்டு டல்ஹௌசி என்று வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நிவினும்தான் கேட்டபோதெல்லாம் இவன் சொன்னதை அப்படியே கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னான். எழுதுகிறவளிடமே எழுதியதைப் பற்றிச் சாட்சி கேட்பது என்ன கெட்டிக்காரத்தனம்! கண்ணி வைத்தவனே கண்ணிக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்கிறான். டல்ஹௌசி என்றே இருந்தால் மதிப்பெண் போகும். கார்ன்வாலிஸ் என்று இருந்தால் இவள் மற்ற இடங்களிலும் கை வைத்திருக்கிறாள். எது வேண்டும் உனக்கு, சவரிராஜா? எது இருந்தால் நிம்மதி?

அப்போது மழை இறங்கியது. தூறி, வலுத்து என்றெல்லாம் இல்லை, ஒரேயடியாகக் கொட்டியது. தகரக் கூரை முழுக்க உளுந்தைக் கவிழ்த்த மாதிரி. அவன் அடுத்த வாக்கியத்தைச் சொன்னான், தன் குரலே தனக்குத் தூரத்தில் கேட்டது. பேனா இல்லை. பேனா எங்கே? காதை நீட்டினான், தலையைச் சாய்த்தான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூட இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருப்பதற்கு அடையாளமாகத் தைல வாசனை மட்டும் இருந்தது. தைலம் எழுதுமா? ஜமீன்தார்கள் நிலத்தின் உரிமையாளர்களாக ஆக்கப்பட்டனர் என்று கத்தினான். கிணற்றுக்குள் கல் போடுவது போலிருந்தது. கல் விழுகிறது, தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. எழுதுகிறாளா, படம் வரைகிறாளா, மட்டையும் பந்தும், எழுந்து போய்விட்டாளா, சாரும் இவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களா? இருட்டைப் பற்றி அவனுக்குப் பயம் இல்லை, அது பழகிப்போயிற்று. சத்தமும் போய்விட்டால் என்ன மிச்சம்? முழங்கையை மேசையில் அழுத்தி ஊன்றினான். மேசையும் மழையில் அதிர்ந்துகொண்டிருந்தது, எல்லா அதிர்வும் ஒன்றாகிவிட்டது. மல்லாக்கக் கிடக்கிற தவளைக்கு இப்படித்தான் இருக்கும், யார் குனிந்து பார்க்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல். அவன் கை தானாக மேலே போனது.

"சார்! சார், கொஞ்சம் வாங்களேன்!"

நாற்காலி உரசியது. "என்னப்பா, ஒண்ணுக்கா?"

"இல்ல சார். கடைசியா எழுதுன விடையை நீங்க ஒருக்க வாசிச்சுக் காட்டணும். நீங்களே."

"அவதான் வாசிச்சாளே."

"நீங்க வாசிங்க சார்."

மழையோ மழை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்று மாறியது அவனுக்குத் தெரிந்தது. ஒரு ஆள் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடாமல் வைத்திருந்தால் மழையிலும் அது தெரியும். தாளைத் திருப்பும் சத்தம். "என்னம்மா பிள்ள, பேப்பரைக் கிழிச்சிருவ போலிருக்கே, இந்த அழுத்து அழுத்துத" என்று சார் முணுமுணுத்தார். பிறகு தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி உரக்க வாசித்தார். "வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர் டல்ஹௌசி பிரபு ஆவார்." நிறுத்தினார். "ஏம்ப்பா, கார்ன்வாலிஸ்லா? நான் விலங்கியல்காரன், எனக்கே தெரியுது. இது தெரியாமலா பரீட்சைக்கு வந்த? சரி, நான் சொல்லக் கூடாது. நான் சொல்லல." மேலே வாசித்தார். ஜமீன்தார்கள் இருந்தார்கள், நிலத்தின் உரிமை இருந்தது, அவன் மழைக்குள் கத்தியது ஒவ்வொன்றும் இருந்தது, கத்தும்போது திக்கி இரண்டு தடவை சொன்ன சொல்கூட இரண்டு தடவை இருந்தது. "போதும் சார்" என்றான் சவரிராஜன். "அந்தப் பேரை அடிச்சிட்டு, கார்ன்வாலிஸ் பிரபுன்னு எழுதும்மா."

"சரிங்க" என்றாள்.

அண்ணே இல்லை. சரிங்க. அவன் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மழையில் விழுந்திருக்கும். அண்ணே என்று சொல்லியிருப்பாள், மழை தின்றிருக்கும். விடையைத் தொடர்ந்தான். ஜமீன்தாரி முறையின் குறைபாடுகள், விவசாயிகளின் நிலை. கொஞ்சம் கொஞ்சமாக மழை விலகி, சைக்கிள் ஸ்டாண்டின் கூரைத் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. பேனா திரும்பக் கேட்டது. தொலைந்த ஆட்டுக்குட்டி கிடைத்த மாதிரி இருந்தது. முற்றுப்புள்ளி என்றான். கடுகு விழுந்தது. காத்திருந்தான். ஒன்றும் இல்லை. பேனா அங்கேயே நின்றுவிட்டது, அவன் எங்கே நிறுத்தினானோ அங்கே, மயிரிழை பிசகாமல். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நிம்மதி வரவில்லை. ஏன் நிற்கிறது? இத்தனை நேரம் அடித்தவள் இப்போது ஏன் அடிக்கவில்லை? சார் பார்த்துவிட்டார், பயந்துவிட்டாள். அப்படியானால் முன்னே அடித்தது நிஜம்தான். முதல் இரண்டு விடையையும் வாசிக்கச் சொல்லாமல் விட்டோமே! அங்கேதானே அந்தச் சத்தம் வந்தது. நாலாவது கேள்விக்குப் போனார்கள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. அவள் கேள்வியை வாசித்த குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி. அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். அவன் யோசித்தபோது பேனாவும் நின்றது. முற்றுப்புள்ளி என்றான், புள்ளி விழுந்தது, நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் நின்றுபோயிருந்தது. கைக்குட்டையை வைத்துப் பொத்திக்கொள்கிறாளோ என்னவோ. ஒரு சொல் அதிகம் இல்லை, ஒரு சத்தம் அதிகம் இல்லை. கைதான், மண்டை இல்லை. செல்லத்தாய் அக்கா கேட்டால் மெச்சிக்கொள்வாள்.

மணி அடித்தது. "பேனாவைக் கீழ வையி" என்றார் ஆவுடையப்பன் சார், அறையில் ஒரு பேனாதான் இருந்தாலும். "தாளெல்லாம் வரிசையா இருக்கா? நூலு கட்டு. நீயே கட்டுதியாப்பா?" "நானே கட்டுதேன் சார்" என்றான் சவரிராஜன் அவசரமாக. நாற்காலி நகர்ந்தது. தாள்கள் மேசையைத் தாண்டி அவன் முன்னால் வந்து சேர்ந்தன. அவள் கையில் கொடுக்கவில்லை, தள்ளிவிட்டாள்.

நூலைக் கோத்தான். கோத்தபடியே தாளைப் புரட்டி, இடது கை விரலைப் பின்பக்கம் விட்டான். முதல் தாள். விரல் வழுக்கவில்லை. புடைப்பு, நல்ல புடைப்பு, நெல் பரப்பிய பாய் மாதிரி வரி வரியாக. எறும்பு நடந்த எழுத்து இல்லை இது. உள்ளே உள்ளே போனான், அடித்தல் எங்கே என்று தேடினான். வாக்கியங்களின் நடுவில் எங்கும் இல்லை. கீழே இறங்கினான். எழுத்து முடிகிற இடத்தில், கொஞ்சம் இடம் விட்டு, அது இருந்தது. ஒரு கோடு. தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒரே தடத்தில் போய்ப் போய் வந்து, கயிறு மாதிரித் தடித்துக் கிடந்தது. யார் விரலுக்கும் தவறாது. அதற்குக் கீழே வெறும் தாள். அடுத்த தாளில் அடுத்த விடை. அது முடிகிற இடத்தில் இன்னொரு கோடு, முன்னதைவிடத் தடிப்பாக. எங்க முடியுது, எங்க தொடங்குதுன்னே பிடிபட மாட்டேங்குதே. அந்த முணுமுணுப்பு அவள் காதில் விழுந்திருக்கிறது. தடவுகிற விரலையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மூன்றாவது விடையில் ஒரு பெயரின் மேல் மட்டும் சின்னதாக ஒரு அடித்தல், அவன் சொன்னபடி. அந்த விடை முடிகிற இடத்தில் விரலை வைத்தான், தடவினான், இன்னும் கீழே போனான், மறுபடி மேலே வந்தான். வழவழவென்று இருந்தது. நாலாவது விடைக்குக் கீழேயும் வழவழவென்றே இருந்தது.

"என்னப்பா, நூல் கோக்கத் தெரியலியா?" என்றார் சார்.

"கோத்துட்டேன் சார்." முகத்தை மேசைக்கு அந்தப் பக்கம் திருப்பினான். "ஏம்மா, நிலோஃபர்."

"ம்."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"பேசக் கூடாதுன்னாங்கல்ல" என்றாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவன் தேடினான். தேடிக் கண்டுபிடிக்கிற காது தனக்கு இருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று சார் ஒரு தாளைத் தட்டினார். சொன்னதை மட்டுமே எழுதினேன் என்று எழுதியவள் போட வேண்டும். சொன்னது மட்டுமே எழுதப்பட்டது என்று சொன்னவன் போட வேண்டும். காலையில் வருகைத் தாளில் கையெழுத்திடும்போது அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து, இடம் இதுதான் என்று கொண்டுபோய் வைத்தாள். இப்போது பிடிக்கவில்லை. அவள் கையெழுத்திடும் சத்தம் கேட்டது. பிறகு பேனா நின்றது. ஒரு மூச்சு நேரம். அப்புறம் அது நேராகப் போனது, நேராகத் திரும்பி வந்தது, இரண்டு மூன்று தடவை, ஒரே தடத்தில். தாள் அவன் பக்கம் நகர்ந்து வந்தது. பேனாவையும் அதன் மேலேயே வைத்திருந்தாள்.

அவன் ஆள்காட்டி விரலால் தடவினான். முன்பக்கத்தில் அது பள்ளமாக இருந்தது, விரல் நுனி போய் உட்காருகிற அளவுக்கு. அதன் மேலே விரலை வைத்துக்கொண்டு, ஒன்பது வயதோடு நின்றுபோன எழுத்தில் தன் பெயரை எழுதினான். ச, வ, ரி. ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக, மேலும் கீழுமாக. பெயர் முடிந்தது. பேனா நிற்கவில்லை. அவளுடைய கோட்டின் ஓரத்தைத் தேடிப் பிடித்து அதன் வழியே நேராகப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான், அழுத்தி, மேசை அதிர, எதிரே நிற்கிறவளுக்குக் கேட்கும்படி.

"போதும்ப்பா" என்றார் ஆவுடையப்பன் சார். "பேப்பர் கிழிஞ்சிரப் போகுது."

மேசைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.